மூன்றாம் கொப்பியிலே இரண்டு பக்கம்

கோல்ஃபீல்ட், மெல்பேர்ண்
12 மே 2024

அன்பு இந்திரன்,

ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியிலை கிடந்து, நான் சுகமாய் வீட்டை வந்திட்டன். நெஞ்சிலை தைச்ச இடம் இருமினால் மட்டும் நோகுது. ஒப்பரேசன் நேரம் சிட்னியிலையிருந்து ஓடி வந்து, பத்து நாள் என்ரை வீட்டிலை நிண்டு, மகள் வினுஷாவுக்குச் சோறும் காச்சிக் குடுத்து, ஆஸ்பத்திரிக்கும் அலைஞ்சாய். கூடப்பிறந்தவனும் இப்பிடிச் செய்யான். இன்னொண்டும் சொல்லவேணும். போனிலை சொன்னால் அழுதுபோடுவன், அதுதான் எழுதுறன்.

என்ரை கொப்பியள் போயிட்டுது. ஐஞ்சும். யூத ஞானியளையும் அவையின்ரை நூலுகளையும் பற்றிப் பன்னிரண்டு வருசமாய்த் தமிழிலை எழுதினது. நாற்பது வயசுக்கு முந்தி அந்த ஞானத்தைத் தொடக்கூடாதெண்டு அவையிட்டை ஒரு வழக்கம் இருக்கு. நான் அம்பதிலைதான் தொட்டனான். அப்பவும் விதி விடேல்லை.

நான் வர முந்தி வினுஷா அறையைத் துப்புரவாக்கி, என்ரை எழுத்தெண்டு தெரியாமல், ஹீப்ரு எழுத்துக் கலந்த இந்தக் கொப்பியளை என்ன செய்யிறதெண்டு பக்கத்து வீட்டு யூத மனிசி மிரியத்திட்டைக் கேட்டிருக்கிறாள். தமிழ் அவவுக்கு என்ன விளங்கும்? பக்கத்துக்குப் பக்கம் நான் ஹீப்ருவிலை ஆசையாய் எழுதின ஆண்டவன்ரை நாலெழுத்துப் பேர்தான் கண்ணிலை பட்டிருக்கு. அந்தப் பேர் எழுதின தாளை அவை குப்பையிலை போடாயினம். பழுதான வேதப் புத்தகங்களோடை மண்ணிலை அடக்கம் செய்வினம். மிரியம் பக்தியாய்க் கொண்டுபோய்த் தங்கடை கோயிலிலை அதுக்கெண்டு வைச்ச பெட்டியிலை போட்டிட்டா. போன மாசம் அடக்கமும் முடிஞ்சுது. பிறகு மூண்டு கிழமை மழை. தோண்டினாலும் கூழ்தான் வருமெண்டினம்.

பிள்ளை அழுதுகொண்டு திரியிறாள். ஆரை ஏச? எழுதி முடியுமட்டும் ஆரும் பாக்கக்கூடாதெண்டு, உன்னைக்கூட ஒரு பக்கம் பாக்க விடேல்லையே. அதுதான் இப்ப சுடுது. திருப்பி எழுத எனக்கு வயசில்லை.

உன்ரை,
ஆனந்தராஜா

டூங்கபி, சிட்னி
20 மே 2024

ஆனந்தன்,

முதல் சாப்பிடு. குளிசையைப் போடு. பிறகு வாசி.

உன்ரை எழுத்து அழியேல்லை. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் என்ரை போனிலை இருக்கு. நீ ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை உன்ரை மேசை லாச்சியைத் திறந்து, மூண்டு நாளாய் உன்ரை குசினி மேசையிலை வைச்சுப் படம் எடுத்தனான். வினுஷாவுக்கும் தெரியாது. டொக்டர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கேல்லை. நீ போனால் இதுவும் உன்னோடை போயிடுமெண்டு பயந்தனான். நீ எழும்பினாப் பிறகு சொல்லப் பயம்.

இவ்வளவு காலச் சிநேகிதத்திலை நீ என்னட்டைக் கேட்டது அந்த ஒண்டுதான். அதையும் மீறிப்போட்டன். கள்ளன் எண்டு பேசு, கேட்டுக்கொண்டிருக்கிறன். அச்செடுத்து இதோடை அனுப்புறன். நீ ஓமெண்டால் ரைப் பண்ணியும் தாறன். ஓரங்களிலை என்ரை பெருவிரல் தெரியும்.

இந்திரகுமார்

கோல்ஃபீல்ட்
9 ஜூன் 2024

இந்திரன்,

நீ அனுப்பின தாள்ப் பெட்டி வந்தது. ரெண்டு கிழமையாய் உன்னோடை கோவத்திலை இருந்தனான். சந்தோசமும் கோவமும் ஒண்டாய் வந்தால் மனிசன் என்ன செய்யிறது?

முந்தநாள்தான் மூண்டாங் கொப்பிக்கு வந்தன். சஃபேத் எண்ட ஊரிலை முந்தி இருந்த யூதக் குருவின்ரை கதை. அந்த மனிசன் தன்ரை கையாலை எழுதினது கொஞ்சம். படைப்பு நேரம் பாத்திரங்கள் உடைஞ்சு ஆண்டவன்ரை ஒளி சிதறினது, சிதறின பொறியளை மனிசர் பொறுக்கியெடுக்க வேண்டியது, எல்லாத்தையும் சீடன்தான் எழுதி ஆருக்கும் காட்டாமல் வைச்சிருந்தவர். அந்தச் சீடன் வருத்தம் வந்து படுக்கையிலை கிடக்கேக்கை, அவரின்ரை தம்பிக்காரன் தாளுகளைக் களவாய் வெளியிலை குடுக்க, நூறு பேர் மூண்டு நாளிலை படியெடுத்தினமாம். அப்பிடித்தான் அது ஊருலகத்துக்குப் போனதெண்டு சொல்லுவினம். இதை எழுதினவன் நான். எழுதிப்போட்டு, படியெடுத்தவங்களைக் கள்ளரெண்டு ரெண்டு பக்கம் திட்டியும் வைச்சிருக்கிறன்.

கதிரையிலை இருந்து நெஞ்சு நோக நோகச் சிரிச்சன். பிறகு அழுகை வந்தது. நன்றியடா. வேறை சொல்லு எனக்கு வரேல்லை. மிரியத்துக்கும் சொன்னனான். ஒரு கேக்கோடை வந்து என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா.

ரெண்டு உதவி செய். ரைப் பண்ணேக்கை அந்த நாலெழுத்துப் பேர் வாற இடமெல்லாம் தமிழிலை ஆண்டவன் எண்டு போடு. இன்னொரு அடக்கம் வேண்டாம். அந்தத் திட்டு ரெண்டு பக்கத்தையும் வெட்டிவிடு. உன்ரை முகத்திலை முழிக்க வெக்கமாய் இருக்கு.

ஆனந்தன்

டூங்கபி
17 ஜூன் 2024

ஆனந்தன்,

ஆண்டவன்ரை பேர் எல்லா இடமும் மாத்திறன். அந்த ரெண்டு பக்கத்தை வெட்டமாட்டன்.

ரெண்டாம் நாள் பின்னேரம் படம் எடுக்கேக்கை அதை வாசிச்சனான். போனைக் கீழை வைச்சிட்டு ஒரு பிளேன்ரீ ஊத்திக் குடிச்சன். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, அதையும் படம் எடுத்தனான்.

இந்திரன்