கரையில் எண்ணெய் இல்லை

மார்க்கம்,
6.5.1996

அன்பின் அண்ணைக்கு,

என் குரல் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிடுகிறீர்கள், ஆகவே எழுதுகிறேன். ஊரில், அன்ரனெற் அக்கா வீட்டுக்கு நேரே, கடல்நீர் உள்ளே ஏறும் களப்பு வாய்க்கு வெளியே, எண்ணெய்க் கப்பல் ஒன்று தரைதட்டி இன்னும் கசிகிறது. எங்கள் கொம்பனியின் எண்ணெய் போக்கும் மருந்தைத் தெளிக்கக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் களப்பைத் தெரிந்த ஒருவர் கருத்து எழுதவேண்டும் என்றார் முதலாளி. "என்ரை அண்ணை அங்கை கடலுயிரியல் படிப்பிச்சவர்" என்றேன். கேடில்லை என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். இரண்டு கிழமைக்குள் வேண்டும்.

தம்பி,
கிளிபோட்

சென் ஜேம்ஸ் ரவுண்,
11.5.1996

கிளிபோட்டுக்கு,

ஏழு வருடமாக வாகனத் தரிப்பிடத்தில் சீட்டுக் கிழிக்கிறேன். ஊரில் வாங்கிய என் பட்டம் இந்த நாட்டில் செல்லாது என்றார்கள். அப்போது உன் முதலாளியிடம் என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னாயா? உன் மகள் கோயிலில் முதல்நன்மை வாங்கிய கொண்டாட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். எனக்கு மட்டும் அழைப்பு அட்டை வரவில்லை. முன்பொரு நாள் உன் வீட்டுக்கு வந்தபோது, உன் மனைவி ஸ்டெபனி தன் வீட்டாருக்கு என்னைக் காட்டி, "இவர் கிளிபோட்டின்ரை சொந்தக்காரர்" என்றாள். அண்ணன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கும் நீ போகவில்லை, மலர்வளையம் அனுப்பினாய். உனக்கு விற்கத்தான் தெரியும்.

இனி விடயத்துக்கு வருகிறேன். மருந்து என்கிறாய். அது எண்ணெயை அகற்றுவதில்லை. துளிதுளியாக உடைத்து நீருக்குள் இறக்கிவிடுகிறது. ஆழ்கடலில் என்றால் அலையோடு கலந்து ஐதாகும். அந்தக் களப்பு வாயில் இடுப்பளவு தண்ணீர்தான். இறால் குஞ்சுகள் அங்கேதான் வளர்கின்றன. உன் கொம்பனி சோதித்தது குளிர்நீரில் வளர்ந்த பெரிய மீன்களை. குஞ்சுகளுக்கு, எண்ணெயும் மருந்தும் சேர்ந்தால் தனி எண்ணெயைவிட மோசம். மிதவைகளால் மறித்து அள்ளச் சொல். கரை கறுப்பாகவே கிடக்கட்டும். கண்ணுக்குத் தெரிந்தால்தான் அள்ளலாம்.

கையெழுத்திட மாட்டேன்.

நீக்கிலாப்பிள்ளை

மார்க்கம்,
29.5.1996

அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டெபனிதான் பிரித்தாள். சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவள், தன் பெயர் வந்ததும் நிறுத்தினாள். "இந்த மனிசன்ரை கடிதம் இனி இந்த வீட்டுக்குள்ளை வரப்படாது." நான் அப்பாவின் செத்தவீடு வந்த இடம் வரைதான் வாசித்தேன். பிறகு கிழித்துப்போட்டேன். விருப்பமில்லை என்றால் ஒரு வரியில் எழுதியிருக்கலாமே.

முதலாளியிடம் உங்களுக்குச் சுகமில்லை என்றேன். ஊரில் உங்களோடு படிப்பித்த இராஜரட்ணம் மாஸ்டர் உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட்டார். போன செவ்வாய் தெளித்தார்கள். கரையில் எண்ணெய் மருந்துக்கும் இல்லையாம். அக்கா சந்தோஷத்தில் தொலைபேசியிலேயே அழுதா.

கிளிபோட்

சென் ஜேம்ஸ் ரவுண்,
14.8.1996

அன்பின் தம்பிக்கு,

வேலையிடத்து விலாசத்துக்கு அனுப்புகிறேன்; வீட்டில் சண்டை வேண்டாம்.

நேற்று அக்கா தொலைபேசி எடுத்தா. "கரை வெள்ளையாய்க் கிடக்கடா, வலையும் வெறுமையாய்க் கிடக்கு. அத்தான் சிமெந்து குழைக்கப் போறார்" என்றா. இறால் குஞ்சையே காணவில்லையாம். மருந்துதான் காரணம் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். யாரும் அளந்து பார்க்கவில்லை. ஆனால் நீ வாசிக்காமல் கிழித்த பகுதியில் இதைத்தான் எழுதியிருந்தேன். தனியாக எழுதியிருந்தால் அரைப்பக்கம் வந்திருக்காது. நீ முழுவதும் வாசித்திருப்பாய். மாஸ்டரை மறித்திருப்பாய் என்றும் நம்பப் பார்க்கிறேன்.

மற்றதெல்லாம் உண்மைதான். ஒன்றையும் நான் மறக்கவில்லை. அதை முதலில் எழுதியதுதான் பிழை.

"நீ உந்தக் கடல் விசயமெல்லாம் படிச்சனி. ஏனடா இப்பிடி நடந்தது?" என்று அக்கா கேட்டா. உன்னைச் சொன்னால் உன்னோடு பேசமாட்டா. என்னைச் சொன்னால் என்னோடும் பேசமாட்டா.

"எனக்கு உதுகள் தெரியாதக்கா" என்றேன்.

அவ நம்பிவிட்டா.

அண்ணன்,
நீக்கிலாப்பிள்ளை