பத்தோரியில் வந்தவர்

அண்ணை,

நேற்று உங்கள் மகள் மோர்டனில் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு பழைய கப்பல் படத்தைத் தந்தாள். இன்னும் உங்கள் அலுமாரியின் பூச்சி உருண்டை வாசம் அதில் இருக்கிறது. பத்தோரி. படிக்க வந்த உங்களைப் பம்பாயிலிருந்து இங்கே சவுத்தாம்ப்டன் வரை சுமந்துவந்த போலந்துக் கப்பல்.

அதன் கதையைத் தொடங்கினால் உங்களுக்கு வாய் ஓயாது. அத்திலாந்திக்கைக் கடக்கவென்று கட்டியது. போரில் சிப்பாய்களையும், குண்டுவீச்சுக்குப் பயந்து அனுப்பிய பிள்ளைகளையும் ஏற்றியது. பிறகு போலந்து பொதுவுடைமை நாடானதால் நியூயோர்க் முகம் திருப்ப, பம்பாய்ப் பக்கம் வந்தது. "அவங்கள் வேண்டாம் எண்டதாலதான் எனக்குக் கிடைச்சது" என்பீர்கள். ஹொங்கொங்கில் அதைப் பழைய இரும்புக்கு உடைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். ஜெர்மனியிலிருந்து லொறிக்குள் ஒளிந்து வந்த எனக்கு அந்தப் பெருமை எரிச்சலூட்டியது. உண்மையைச் சொன்னால், பொறாமை.

நான் இங்கே வந்த முதல் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, முந்தின மாலை, உங்கள் வீட்டில் ஒரு வெள்ளை அப்பத்தைப் பிட்டு எல்லாருக்கும் நீட்டினீர்கள். மாதா கோயிலில் பாதர் நன்மைக்குக் கொடுப்பதுபோலவே மெல்லிசு. நற்கருணையைக் களவெடுத்து வந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன். உங்களிடம் கேட்டிருக்கலாம். கேட்காமல் பாதரிடம் போய்ச் சொன்னேன்.

பூசை முடிந்ததும் சனம் பார்த்திருக்க அவர் உங்களை விசாரித்தார்.

"இது போலந்துக் கடையில வாங்கினது பாதர், பூசையில வைச்சதில்லை. கப்பலில நத்தாருக்கு முதல்நாள் ஒரு பரிமாறுற பெடியன் எனக்குப் பிட்டுத் தந்தவன். மனஸ்தாபம் இருந்தா, மன்னிச்சுப்போட்டுத்தான் தின்னவேணுமாம்."

உங்கள் முகம் கறுத்துப்போயிருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். யார் சொன்னது என்று பாதர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து நத்தாருக்கு முதல்நாள் எங்கள் கதவைத்தான் முதலில் தட்டுவீர்கள். "இந்தா, பிடி. ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"ஒண்டுமில்லை அண்ணை."

வாங்கித் தின்றுவிடுவேன். அடுத்த முறை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. போன மாதம் நீங்களும் போய்விட்டீர்கள்.

நேற்று வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே மகள் சொன்னாள். "பாதரிட்டச் சொன்னது நீங்கள்தான் எண்டு அப்பாவுக்கு அப்பவே தெரியும், அங்கிள். 'அவனாச் சொல்லட்டும்' எண்டுதான் உங்கட வீட்டுக்கு முதல் வாறவர்."

நான்தான் சொன்னனான், அண்ணை. மன்னியுங்கோ. இதைச் சொல்ல எனக்கு எத்தனை நத்தார் தந்தீர்கள்.