மடங்கக் கூடாத முழங்கால்

மார்ச் 3
வாத்து இன்றும் பிசியோவிடம் போகவில்லை. வாத்து என்றால் என் தங்கைதான். நடைப்போட்டிக்காரி, அந்த இடுப்பாட்டத்துக்கு வீட்டில் வைத்த பெயர். மாடிப்படி இறங்கும்போது பார்த்தேன், வலது முழங்கால் முழுசாக நீளவில்லை. போன வருடம் விழுந்ததிலிருந்தே இப்படித்தான். சொன்னால், "நடுவர் வேலையெல்லாம் மைதானத்தோட வெச்சுக்கோக்கா" என்கிறாள்.

மார்ச் 6
நடைப்போட்டியில் இடுப்பு சுழலலாம். முழங்கை மடங்கலாம். தோள் முன்னும் பின்னும் வீசலாம். முன்கால் தரையைத் தொட்டதிலிருந்து உடம்பு அதற்கு நேர்மேலே வரும்வரை முழங்கால் மட்டும் மடங்கக் கூடாது. ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், அதை விட்டால் இது ஒன்றே ஒன்று! குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து முழங்காலைக் கீழே அழுத்தச் சொல்லியிருக்கிறார் பிசியோ. துண்டு கொடியில் காய்கிறது.

மார்ச் 9
ஞாயிற்றுக்கிழமை தேர்வுப் போட்டிக்கு ஆள் பற்றவில்லையாம், நானும் நடுவர். தங்கை நடக்கிறாள் என்றேன். "உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றார் சங்கச் செயலாளர். தெரிந்துதான் மாட்டிவிடுகிறாரா?
அம்மா வேறு. "கூடப்பொறந்தவதானே, கொஞ்சம் கண்ண மூடிக்கோ."
கண்ண மூடிக்கிட்டு எப்படிம்மா நடுவரா நிக்கறது?

மார்ச் 10
துண்டு இன்னும் கொடியில்தான்.

மார்ச் 12
முதல் இரண்டு பேருக்கு அணியில் இடம். வாத்து இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். நான் முன்பே மஞ்சள் அட்டை காட்டி எச்சரித்திருந்தேன். பலகையில் அவள் எண்ணுக்கு நேரே மற்ற நடுவர்கள் வைத்த இரண்டு சிவப்புப் புள்ளிகள். மூன்றாவது விழுந்தால் வெளியே.
கடைசிச் சுற்று. என் முன்னால் வந்தாள். முழங்கால் மடங்கியபடியே தரையில் இறங்கியது. ஒரு தடவை இல்லை, ஒவ்வோர் அடியும்.
சிவப்பு அட்டை எழுதிக் கொடுத்தேன். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள்.
ஏண்டி, ஒரு நாளாவது அந்தத் துண்ட எடுத்திருக்கக் கூடாதா? என்னை ஏண்டி இப்படிப் பண்ண வெச்சே?

மார்ச் 13
ராத்திரிச் சாப்பாடு. அம்மா தட்டை வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

மார்ச் 19
குளிக்கப் போனால் கொடியில் துண்டைக் காணோம். இந்த வீட்டில் ஒரு பொருள் வைத்த இடத்தில் இருக்காதே! கத்திக்கொண்டே அவள் அறைக்குள் போனேன்.
தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குதிகாலுக்கு அடியில் துண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலை அழுத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.
"சும்மா நிக்காதே. நேரா இருக்கான்னு பாரு."
குனிந்து பார்த்தேன்.
"இல்ல. இன்னும் கொஞ்சம்."
அழுத்தினாள்.