இரண்டு ரங்கநாதன்களும் என் நான்கு வரியும்

ஜூலை 7, திங்கள்

பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட துணி பக்கத்து வீட்டில். காலை நடைக்குப் போன எங்கள் வீட்டுக்காரர் பால் பூத் வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். பூத்காரர் சர்க்கரை தூக்கலாக டீ கொடுத்துத் தெளிய வைத்து ஆட்டோவில் அனுப்பினார்.

"ஒண்ணுமில்ல செல்வி, வயசாகுதுல்ல" என்கிறார். ஐம்பத்தெட்டு. அது ஒரு வயசா.

வியாழக்கிழமை முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரி போனவர் சர்க்கரை மாத்திரையோடு திரும்பினார். டூட்டி டாக்டர் திரையில் ஏதோ பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து "மாத்திரைய விட்டுட்டீங்களா?" என்றாராம். டாக்டர் எது கேட்டாலும் இவருக்கு ஆமாம்தான். நான் மீட்டிங்கில் இருந்தேன், சீட்டைப் பார்க்கவில்லை.

இன்று பார்த்தேன். மார்ச் 14, சர்க்கரை அதிகம் என்று இருக்கிறது. மார்ச் முழுக்க நாங்கள் பெங்களூரில், மகள் வீட்டில். டாக்டருக்குப் போன் செய்து மாத்திரையை நிறுத்தியாச்சு.

அந்த ஆஸ்பத்திரியில் ஓடுவது எங்கள் கம்பெனி சாஃப்ட்வேர். நாளை ஆபீசில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

கே.கே. நகர் ஆபீஸ். பஸ்ஸில் நின்றபடி. காலை ஸ்டாண்டப் மீட்டிங்கில் எல்லோரும் உட்கார்ந்தபடி. ஆளுக்கு ஒரு நிமிஷம்: நேற்று என்ன, இன்று என்ன, தடை ஏதும் உண்டா. தடை இல்லை என்றோம். நானும்.

பிறகு தேடினேன். ஸ்ரீரங்கத்தில் எஸ். ரங்கநாதன் இரண்டு பேர், ஒரே பிறந்த வருஷம், ஒரே பின்கோடு. ஒருவர் எங்கள் வீட்டுக்காரர். இருவர் கோப்பும் ஒன்றாகிவிட்டது. இந்த ஊரில் ரங்கா என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும்.

போன மாதம் பழைய கோப்புகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றியது கவிதா. முசிறியிலிருந்து தினமும் வரும் பெண். ஏஐ கருவியை வைத்து மூன்று வார வேலையை நாலு நாளில் முடித்தாள். சென்னையிலிருந்து மேனேஜர் பிரபு போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "கவிதாவோட ஏஐ எழுதின புரோகிராம் கோடுதான் மேடம். நீங்க அப்பவே சொன்னீங்களே."

சொன்னேன்தான். அது எழுதுவதை வரிவரியாகப் படிக்காமல் சேர்க்காதே என்று. இன்று நானே உட்கார்ந்து படித்தேன். சுத்தமாக இருக்கிறது. என் எழுத்தைவிட ஒழுங்கு. எரிச்சல்.

ஜூலை 9, புதன்

கிடைத்துவிட்டது. பழைய புரோகிராமில் நான்கு வரி. பெயர், இனிஷியல், பிறந்த வருஷம், பின்கோடு ஒத்துப்போனால் ஒரே ஆள். கவிதாவின் கோடு அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்துகிறது. எழுதியவர்: செல்வி. ஒன்பது வருஷம் முன்பு. பக்கத்தில் என் குறிப்பே: "தற்காலிகம். மொபைல் நம்பரும் பார்க்க வேண்டும்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் சாஃப்ட்வேர் தொடக்க விழா என்று அவசரப்படுத்தினார்கள். அப்புறம் யார் திரும்பிப் பார்த்தது. ரங்கநாதனைக் கட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறவள் எழுதிய வரி. வெட்கமாக இருக்கிறது.

ஓடுகிற புரோகிராமைத் தொடாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இத்தனை நாள் பதிவு மேசையில் ஆளின் முகத்தைப் பார்த்துப் பதிந்தார்கள், அதனால் தப்பித்தோம். மொத்தமாக ஏற்றியபோது முகம் பார்க்க யாருமில்லை.

இன்னொன்று. சர்க்கரை அந்த ரங்கநாதனுக்கு. ஜூன் 26 அவர் போனபோது திரையில் மேலே இருந்தது எங்கள் வீட்டுக்காரரின் நார்மல் ரிப்போர்ட். மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். இரண்டு வாரம்.

பிரபுவிடம் இதை மட்டும் சொன்னேன். நான்கு வரி யாருடையது என்று சொல்லவில்லை.

"அடுத்த வார ரிலீஸ்ல சத்தமில்லாம சரி பண்ணிடலாம் மேடம். ஆஸ்பத்திரிக்கு இப்ப சொல்ல வேணாம். லிஸ்ட் வேற வருது."

லிஸ்ட் என்றால் ஆட்குறைப்பு. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு யார் வேலை தருவார்கள்.

கவிதா மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள். "என் பேர் லிஸ்ட்ல இருக்காக்கா?" தெரியாது என்றேன். அவள் எதிரிலேயே தயிர் சாதம் முழுவதையும் சாப்பிட்டேன். எப்படி இறங்கியதோ.

ஜூலை 10, வியாழன்

காலையில் அவரிடம் சொல்லிவிட்டேன். தோசையைப் பிட்டபடி கேட்டார்.

"அப்ப எனக்கு சர்க்கரை இல்லையா?"

"இல்லங்க."

"அப்ப மொதல்ல அந்த மனுஷனுக்குச் சொல்லு. எங்கிட்ட என்ன சொல்லிக்கிட்டு நிக்கிற?"

முக்கொம்பில் தண்ணீர் அதிகமாம். காவிரிப் பாலத்தில் வண்டிகளை நிறுத்தி வேடிக்கை. பஸ் நகரவில்லை. நின்றுகொண்டே மெயில், பிரபு, கவிதா, ஆஸ்பத்திரி மூவருக்கும்:

1. தவறு என்னுடையது.
2. கவிதாவின் கோடில் பிழை இல்லை.
3. தேடிப் பார்த்ததில் பதினோரு ஜோடிக் கோப்புகள் கலந்துள்ளன. இன்றே எல்லோருக்கும் போன் செய்ய வேண்டும். நேரில் வருகிறேன்.

அனுப்பிவிட்டேன். பிரபுவிடமிருந்து நாலு மிஸ்டு கால். எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி ரெக்கார்டு செக்‌ஷன். மேரி என்று ஒரு அம்மா. முதலில் அந்த ரங்கநாதனுக்கே போன் போட்டார், ஸ்பீக்கரில். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி. மூன்றாம் தடவை ஒரு பெண்மணி எடுத்தார்.

"ரங்கநாதன் இருக்காருங்களா?"

"எந்த ரங்கநாதன்? எங்க வீட்டுக்காரரா, மாடியில குடியிருக்கறவரா?"

மேரி என்னைப் பார்த்தார். "சர்க்கரை உள்ளவருங்க" என்றேன்.

"எங்க வீட்டுக்காரர்தான். ஆனா அவருக்கு இப்ப இல்லைங்களே. உங்க டாக்டர்தான சரியாயிருச்சுன்னாரு? ரெண்டு வாரமா ஆசையா இனிப்பு சாப்பிடறாரு. தண்ணிதான் குடம் குடமாக் குடிக்கறாரு, எந்நேரமும் படுத்தே கெடக்கறாரு. ஏங்க, என்னாச்சு?"

மேரி போனை என் பக்கம் நகர்த்தினார்.

சொன்னேன். அந்தம்மா "கூட்டிட்டு வரேன்" என்று மட்டும்.

மேரி அடுத்த பெயருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் வாசல் படியில். அந்த ரங்கநாதனின் முகம் எனக்குத் தெரியாது. வருகிற ஆட்டோவையெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.