கெட்டித் தரை

21 ஜனவரி 1996, ஞாயிறு

பவானிசாகர் நீர்த்தேக்கம், வடகரை. விடியலில் எண்ணியது: ஆலா நாற்பத்தொன்று, நீர்க்காகம் நூற்றுக்கு மேல். மொபெட்டில் வந்து பறவை எண்ணுவது இது மூன்றாவது வருடம். இன்று தீபக் அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டான், சரவணம்பட்டிப் பட்டறையில் புல்லட் இன்ஜினை வைத்து அவனே கட்டிய நாலு சக்கர பைக்கில். அப்பாவின் பம்புசெட் வேலையைவிட இதில்தான் அவனுக்குக் கவனம்.

"ஓட்டிப் பாரு கண்ணு."

காட்டுத் தடத்தில் வேலமரங்களுக்கு நடுவே ஏறி, இறங்கி, சேற்றைக் கிழித்துக்கொண்டு — எத்தனையோ படித்திருக்கிறேன் விடுதலையைப் பற்றி. ஒன்றும் இப்படி உடம்பில் ஏறியதில்லை. மிச்சப் பறவைகளை எண்ணவில்லை.

4 பிப்ரவரி

மூன்று வண்டி கட்டிவிட்டான். இனி ஞாயிறுதோறும் நண்பர்களோடு காட்டிலும் ஏரிப் படுகையிலும் ஓட்டப்போகிறார்கள். நீர் வற்ற வற்ற விரியும் அந்தப் படுகையில் எங்கே புதையும், எங்கே புதையாது என்பது எனக்குத்தான் தெரியும். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் களிமண்.

"நீ தடம் போட்டுக் குடு. முன்வண்டி உனக்கு" என்றான்.

போட்டுக் கொடுத்தேன். மூங்கில் குச்சியில் சிவப்புத் துணி. இருபத்து மூன்று கொடிகள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

10 மார்ச்

முன்வண்டி. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

7 ஏப்ரல்

முட்டைகள். சரளைமேல் சின்னக் குழி, ஆலாவுக்கு அவ்வளவுதான் கூடு. எட்டாம் கொடியிலிருந்து பதிமூன்றாம் கொடி வரை, நான் போட்ட தடத்தின் மேலேயே. பதினாறு முழுதாக இருந்தன. மற்றவை — என் டயர் பள்ளங்களில் மஞ்சள் கரு காய்ந்திருந்தது.

புதையாத இடத்தைத்தானே அதுவும் தேடும்? கோடையில் முட்டையிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஜனவரியில் எண்ணினேன், பிப்ரவரியில் அதே கையால் கொடி நட்டேன்.

8 ஏப்ரல்

படுகையில் ஓட்டுவதை ஜூன் வரை நிறுத்தலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். கோபியில் இருக்கும் அத்தையின் மகன் கிருபாசங்கர் மச்சானும் இருந்தார்.

"குருவி முட்டைக்கா? கேட்டா ஊரே சிரிச்சுப்போடும்" என்றான் தீபக்.

"ஏனுங்க அம்மணி, முட்டைதானுங்களே" என்றார் மச்சான். "நான் வேணா நாட்டுக்கோழி ரெண்டு கொண்டாந்து உடறனுங்க. அடை வெச்சுக்கலாம்."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நானும் சிரித்தேன். அதுதான் பொறுக்கவில்லை.

20 ஏப்ரல், சனி

தனியாகப் போய் அந்த ஆறு கொடிகளைப் பிடுங்கி இடப்பக்கம் நட்டுவிட்டு வந்தேன். களிப் பக்கம். சக்கரம் இறங்கும், வண்டி நிற்கும், தடம் சரியில்லை என்று விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானே?

21 ஏப்ரல்

தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டேன். "அம்மணி சீட்டு இன்னைக்கு எனக்குங்க!" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மச்சான் கிளம்பினார்.

மதியம் போன் வந்தது. முன்சக்கரங்கள் இறங்கி வண்டி குப்புறக் கவிழ்ந்திருக்கிறது. அவருடைய வலது கால் அடியில். ஆடு மேய்ப்பவர்கள் ஓடிவந்து தூக்கியிருக்கிறார்கள்.

வேகத்தை நான் நினைக்கவே இல்லை. ஏன் நினைக்கவில்லை? அந்த இடத்தில் நான் எவ்வளவு வேகமாகப் போவேன் என்று எனக்குத் தெரியாதா? ஐயோ, என்ன பண்ணிப்போட்டேன்.

24 ஏப்ரல்

ஆஸ்பத்திரி. கணுக்கால் இனி முழுதாக மடங்காதாம்.

"கொடியைப் பாத்து ஓட்டத் தெரியாதா உனக்கு?" என்று தீபக் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நல்லவேளைங்க அம்மணி, நீங்க போகலை. அது உங்க வண்டியில்லீங்களா? நினைச்சாலே பகீர்ங்குது."

ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சுளையாக. சீ.

5 மே

தீபக் கொடிகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டான். நம்பிக்கை போய்விட்டதாம். நேற்று, தண்ணீர் டேங்கர் மாட்டிய டிராக்டரைப் படுகை முழுக்க ஓட்டி, எது கெட்டித் தரை என்று அவனே சோதித்திருக்கிறான்.

"அந்தச் சரளை மேடு கல்லாட்டம் இருக்குது. நாலஞ்சு தடவை ஏத்தி எறக்கிப் பாத்துட்டேன். இனி ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகாது" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

போய்ப் பார்த்தேன். பதினாறில் ஒன்றுகூட இல்லை.

16 ஜூன்

பஸ் பிடித்துக் கோபிக்குப் போனேன். "வா கண்ணு, காப்பி வெக்கறேன்" என்று அத்தை உள்ளே போனாள். மச்சான் கட்டிலில் தலையணைமேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க வாங்க. குருவியெல்லாம் சௌக்கியமுங்களா?"

சொன்னேன். கொடி, களி, தலைவலி, எல்லாவற்றையும். முட்டையைப் பற்றி ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். சாக்குச் சொல்வதுபோல என் காதுக்கே கேட்டது.

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அம்மா, இவங்க கெளம்பறாங்களாமா."

அத்தை இரண்டு டம்ளர்களோடு வந்தாள். என்னைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். ஒன்றை அவர் பக்கத்தில் வைத்தாள். மற்றதைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.