கையை வெட்டியவனுக்குக் கதவைத் திறந்தேன்

நேற்றுக் காலை மாதையனை மறுபடியும் என் புளி மண்டியில் வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஆறு வருடத்துக்கு முன்னால், இதே மண்டியில், என் வலது கையில் இரண்டு விரல்களை வெட்டியவன் அவன். ஏழு வருடத் தண்டனை, நன்னடத்தைக் கழிவு போக முடிந்து, போன வாரம்தான் சிறையிலிருந்து வெளியே வந்தான்.

அவன் கொண்டுவந்த மஞ்சள் பையில் ஒரு வேட்டி, இரண்டு சட்டை, மாத்திரை அட்டைகள், நான்காக மடித்த ஒரு தாள். தாளைப் பிரித்தேன். உங்கள் கையெழுத்து, மேடம். எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று டாக்டர் சொன்னதைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதி, கடைசியில் ‘தூக்கம் வரவில்லை என்றால் மறைக்காதீர்கள்’ என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள். மடிப்பில் தாள் கிழிந்து, யாரோ சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருந்தார்கள். அவனாகத்தான் இருக்கும். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. உங்கள் எழுத்து மட்டும் இன்னும் அதட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் முதலில் வந்த நாளைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. மாசி மாதம், புதுப் புளி வந்து இறங்குகிற நேரம். குடையும் துணிப்பையுமாக வந்து, சிறையில் இருப்பவர்களின் மனநிலை பற்றி ஆராய்ச்சி செய்கிற கல்லூரி ஆசிரியை என்றீர்கள். மாதையன் பெயரைச் சொன்னதுமே எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மணி நேரம் வேண்டுமென்றே காக்க வைத்தேன். நீங்கள் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து புளியங்கொட்டையை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

“அவனுக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் குடுக்கப் போறீங்களா?” என்று கேட்டேன்.

“பட்டம் எனக்குத்தாங்க. அவருக்கு ஏழு வருசம் ஏற்கெனவே குடுத்துட்டாங்க.”

மூட்டை தூக்குகிற ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அதோடு பாதி தோற்றேன்.

நான் சந்தையில் கூடை புளி விற்று மேலே வந்தவன். கொடுத்து வாங்குவதுதான் எனக்குத் தெரிந்த வழி. “நான் அவனப் பத்திச் சொல்றேன். அவன் என்னைப் பத்தி என்ன சொன்னான்னு நீங்க சொல்லுங்க” என்றேன்.

“அவரு சொன்னது அவரோடதுங்க. உங்ககிட்டப் பேசறதுக்கு மட்டும் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீங்க சொல்றதும் இப்பிடித்தான், எங்கயும் போவாது.”

எத்தனையோ தரகர்களைப் பார்த்தவன் நான். இப்படி வாயைக் கட்டிய ஆளைப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

கோர்ட்டில் சொன்னதையே உங்களிடமும் சொன்னேன். ஒழுங்காக வேலை செய்வதில்லை, நிறுத்திவிடுவேன் என்று மிரட்டினேன், அந்தப் பகையில் வெட்டினான். கேட்கிற யாருக்கும் அது போதும். உங்களுக்குப் போதவில்லை. “ஒழுங்கா வேலை செய்யலைன்னா, எப்பிடி?” என்றீர்கள். பகலில் நின்றபடியே கண் சொருகுவான், தனியாகப் பேசுவான், வாங்கிவைத்த டீயைக் குடிக்காமல் முகர்ந்து பார்த்துக் கீழே ஊற்றுவான் என்றேன். “எத்தினி நாளா?” பத்துப் பதினைந்து நாள் இருக்கும் என்றேன். “அதுக்கு முன்னாடி?” அதற்கு முன்னால் எட்டு வருடம் அவன் மேல் ஒரு குறையும் கிடையாது. சொல்லும்போதே எனக்கு என்னவோ போலிருந்தது. எட்டு வருடம் ஒழுங்காக இருந்தவன் பதினைந்து நாளில் ஏன் அப்படி ஆனான் என்று நானோ, போலீசோ, வக்கீல்களோ ஒரு தரம்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகு, வெட்டு விழுந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். பெங்களூர் வியாபாரியோடு விலை பேசிக்கொண்டிருந்தேன் என்றேன். எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டீர்கள். எங்கள் மண்டியில் பெரிய சரக்குக்கு வாயால் விலை சொல்வதில்லை. இரண்டு பேரும் வலது கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்துத்தான் பேசுவோம். உங்கள் கையைப் பிடித்து, மிச்சமிருக்கிற மூன்று விரலால் செய்து காட்டினேன். 

“பக்கத்துல நிக்கறவங்களுக்கு என்னங்க தெரியும்?”

“ஒண்ணுந் தெரியாது. அதுக்குத்தானுங்களே துண்டு.”

“எதை விக்கறீங்கன்னும் தெரியாதா?”

நான் கையை இழுத்துக்கொண்டேன். நீங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சும்மா இருந்ததால்தான் அது உள்ளே இறங்கியது.

அடுத்த முறை வந்தபோது, சிறையில் அவனைப் பார்க்கிற மனநல டாக்டருக்கு, வெளியே நடந்ததைப் பார்த்தவர்கள் யாராவது எழுதிக் கொடுத்தால் பிடி கிடைக்கும் என்றீர்கள். “அவன வெளிய கொண்டார வழி பாக்கறீங்களா?” என்று சீறினேன்.

“இல்லீங்க. வெட்டுனது அவரு கைதான், அதையும்தான் எழுதறேன். மனநோய் இருக்கறவங்க எல்லாரும் கத்தி எடுக்கறதில்ல. கத்தி எடுக்கறவங்க எல்லாருக்கும் மனநோயும் இல்ல. இவருக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தான் சரியான வைத்தியம் குடுக்க முடியும். வைத்தியம் இல்லாம வெளிய வந்தா, மறுபடியும் யாரோட கையோ.”

இடது கையால் கோணல் மாணலாக இரண்டு பக்கம் எழுதினேன். தூக்கம், டீ, தனிப் பேச்சு எல்லாம் எழுதினேன். படித்துவிட்டு, “இவ்வளவுதானுங்களா?” என்றீர்கள். இவ்வளவுதான் என்றேன். பையில் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

உங்கள் தலை மறைந்ததும் மண்டியில் இருப்புக் கொள்ளவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். சேலம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் நீங்கள். “அந்தத் தாளக் குடுங்க மேடம்” என்று கையை நீட்டினேன். கிழித்துப் போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். ஆனாலும் கொடுத்தீர்கள். பஸ்ஸின் தகரத்தின் மேலேயே வைத்து எழுதினேன். கண்டக்டர், “யோவ் பெரியவரே, லவ் லெட்டரு எழுத இதாய்யா நேரம்?” என்று கத்தினான். பஸ்ஸே சிரித்தது. நான் எழுதியது இதுதான்.

வெட்டு விழுவதற்கு மூன்று நாள் முன்னால் மாதையன் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்று, “என்னைய யாருக்குங்க விக்கறீங்க?” என்று கேட்டான். “பெங்களூர்க்காரருக்குத்தாண்டா. துண்டு போட்டுப் பேசி முடிச்சாச்சு” என்றேன். ஆட்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பெங்களூர்க்காரர் வந்தார். நாங்கள் துண்டைப் போட்டோம். அவன் கயிறு அறுக்கிற கொடுவாளை எடுத்து வந்து துண்டின் மேல் போட்டான்.

ஜன்னல் வழியாக வாங்கிப் படித்தீர்கள். பஸ் நகர்ந்துவிட்டது. எட்டிப் பார்த்து, “நோயை நீங்க கொண்டாரலைங்க” என்றீர்கள். அடுத்த வார்த்தை காதில் விழவில்லை. என்ன சொல்லியிருப்பீர்கள் என்று இன்றுவரை தேடுகிறேன். ஆறுதலாக இருந்தால் எனக்கு வேண்டாம். மிச்சமிருந்த உண்மையாக இருந்தால் அதைத் தாங்கிக்கொள்வேன்.

பிறகெல்லாம் போனில்தான். அந்த வார்த்தையை மட்டும் கேட்கத் துணியவில்லை. மருந்து சரியாக ஆரம்பித்திருக்கிறது, நல்லபடியாகத் தூங்குகிறாராம், இவ்வளவு சொல்லலாம் என்று அவரே சொன்னார் என்பீர்கள். ஐப்பசியில் ஒரு நாள் நான் கூப்பிட்டபோது உங்கள் தம்பி எடுத்தார். நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டதாம். போனை வைத்துவிட்டு, அடுத்து வந்த ஆளிடம் புளி சரியில்லை என்று காரணமே இல்லாமல் கத்தினேன்.

மாதையன் வெளியே வருகிற சேதியை அவன் அக்கா முனியம்மா வந்து சொன்னாள். பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமம் அவர்களுடையது. “வூட்ல சேக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்றாங்க. ஒரு வேலைன்னு இருந்தா வாயடைப்பாங்க. இல்லன்னா பஸ் ஸ்டாண்டுலதான் கெடப்பான். அங்க எவனுங்க மாத்திர எடுத்துக் குடுப்பான்?” என்றாள். என்னிடம் வேலை கேட்கவில்லை. எங்கேயாவது சொல்லிவிடச் சொல்லித்தான் கேட்டாள். கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை. சொல்கிற தைரியம் எனக்கு இருந்தது. “இங்கயே கூட்டியா” என்றேன்.

மறுநாளே வியாபாரிகள் சங்கத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் ஆரம்பித்தார். “வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கறீங்களே, நியாயமா?”

“ஓணான் இல்லீங்க. மாதையன். உங்க மூட்டையையும் எட்டு வருசம் தூக்கியிருக்கான்.”

“பைத்தியங்க அவன்.”

“நோயாளி. மாத்திர சாப்புடறான். உங்க மச்சான் குடிச்சிப்புட்டு ரெண்டு தரம் பொண்டாட்டி மண்டைய ஒடச்சாரு. அவரு இதோ செயலாளர் நாற்காலியில குந்தியிருக்காரு. நான் யாரப் பாத்துங்க பயப்படணும்?”

செயலாளர் எழுந்தார், உட்கார்ந்தார். தலைவர் குரலை இறக்கி, “வெட்டு வாங்குனது நீங்க. நீங்களே மன்னிச்சிட்டா அப்பறம் நாங்க என்ன சொல்றது?” என்றார்.

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம், நான் யாரையும் மன்னிக்கவில்லை. மழைக்காலத்தில் இல்லாத விரல் வலிக்கிறது, இல்லாத விரலை எப்படித் தேய்ப்பது? மன்னிப்பு வேறு, வேலை வேறு. “மன்னிக்கணும்னு அவசியமே இல்லீங்க, புரிஞ்சிக்கிட்டாப் போதும்” என்று நீங்கள்தான் ஒரு முறை சொன்னீர்கள். எனக்குப் புரிந்தது இதுதான்: அவனை வெளியே தள்ளினால் மாத்திரை நிற்கும், மாத்திரை நின்றால் தூக்கம் போகும். அதற்குப் பிறகு நடப்பதற்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து நல்லவர்கள் மாதிரி ‘அன்னிக்கே சொன்னோம்ல’ என்போம். அந்தக் கூட்டத்தில் நான் சேர மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

என் சரக்கை வாங்க மாட்டோம் என்று இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். வாங்க வேண்டாம். தொப்பூர் கணவாய் தாண்டியும் புளி தின்கிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

நேற்று முனியம்மா முன்னாலும் ஆட்கள் முன்னாலும் வாய்விட்டுப் பேசி முடித்தோம். மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதுதான் அவனுக்கும். இரக்கத்துக்காகக் கூட்ட மாட்டேன், பயத்துக்காகக் குறைக்க மாட்டேன். மாதத்தில் ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அன்றைக்கும் கூலி உண்டு. இரண்டு ராத்திரி சேர்ந்தாற்போல் தூக்கம் இல்லையென்றால் அவனோ அக்காவோ என்னிடம் சொல்ல வேண்டும். வேலை போகாது, டாக்டரிடம் நானே கூட்டிப் போவேன். கொடுவாள் அவன் கைக்கு வராது. இது அவனே கேட்டது. யார் மேலாவது கையை ஓங்கினால் நானே போலீசுக்குப் போவேன், மறைக்க மாட்டேன். தலையாட்டினான்.

பிறகு அவன் ஒரே ஒரு நிபந்தனை சொன்னான். “நான் எதுனா கேட்டா, சிரிக்காம நெசத்தச் சொல்லணுங்க. நீங்க மட்டும் இல்ல, எல்லாரும்.” நான் ஒப்புக்கொண்டேன். ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒப்புக்கொள்ள வைத்தேன். மீறினால் மண்டியை விட்டுப் போகிறவன் மாதையன் இல்லை, சிரித்தவன். நான் சிரித்தால், எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதுதான் பேச்சு.