துரைக்கு ரெண்டு சாப்பாடு

என்னங்க,

உங்ககூட நான் இன்னும் பேசலை. எழுதத்தான் செய்யறேன்.

நாய்க்கு ஏன் வயித்தால போகுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன். நாம பேசாம இருந்ததுல, நீங்க சோறு வெச்சது எனக்குத் தெரியல, நான் வெச்சது உங்களுக்குத் தெரியல. துரை ரெண்டு தடவையும் தட்டை வழிச்சு நக்கிட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கார்!

டாக்டர்கிட்ட கேட்டேன். மத்தியானம் வரைக்கும் தண்ணி மட்டும்தான். அப்புறம் குழைஞ்ச சோறு ஒரே ஒரு கரண்டி. அது கெஞ்சிப் பார்க்கும், ஏமாந்துடாதீங்க. வாந்தி எடுத்தாலோ, ரத்தமாப் போனாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே தூக்கிட்டு ஓடுங்க.

பி.கு.: உங்க சாப்பாடு மேசையில மூடி வெச்சிருக்கேன். சாப்பிட்டதும் போன் பண்ணி வாயைத் திறந்து சொல்லுங்க. இல்லைன்னா வந்து இன்னொரு தடவை வெச்சிடுவேன். அப்புறம் நாளைக்கு உங்களுக்கும் தண்ணிதான்.